இரண்டாவது சாவி

2021 நவம்பரில் தங்கை வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. முன்பணம் கட்டி ஐந்து மாதம் காத்திருந்து வந்த கார். மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு ஷோரூம்காரர் ஒரே ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். "இன்னொரு சாவி பின்னாடி வரும் சார். சிப் ஷார்ட்டேஜ்." தங்கையின் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மச்சான், நீங்கதான் இதையெல்லாம் பத்தி எழுதுறவர். பத்து லட்ச ரூபா வண்டியைச் செஞ்சிட்டாங்க, ஒரு சாவியைச் செய்ய முடியலையா?"

அன்று ராத்திரி அந்தச் சாவியைத் திறந்து பார்த்தோம். ஓரத்துப் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து நெம்பினால் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பக்கம் வட்ட பேட்டரி. மறுபக்கம் பச்சைப் பலகை, அதன் நடுவே உளுந்து அளவில் ஒரு கறுப்புச் சதுரம். தங்கை மகளின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தபோது அதன் முதுகில் இரண்டு வரி எழுத்து, கடைசியில் 2116 என்று நான்கு எண். பெரும்பாலான சிப்புகளில் இப்படி ஒரு தேதி இருக்கும். முதல் இரண்டு எண் வருடம், அடுத்த இரண்டும் வாரம். அதாவது 2021-ன் 16-வது வாரம், ஏப்ரல் மாதத்துப் பிற்பகுதியில் உறைபோட்டு அடைத்த சிப்.

சிப்பைத் தமிழில் சில்லு என்கிறோம். பாண்டி ஆடும்போது கட்டத்துக்குள் எறிகிற ஓட்டுச் சில்லு இருக்கிறதே, அதே சொல்தான். அளவும் வடிவும் பொருந்திய நல்ல சொல். இது செய்யப்படும் பொருளுக்குக் குறைகடத்தி என்று பெயர். செம்பைப்போல மின்சாரத்தை அப்படியே கடத்தாது, கண்ணாடியைப்போல அடியோடு தடுக்கவும் செய்யாது. நாம் சொன்னால் கடத்தும், சொன்னால் நிறுத்தும். அந்தச் சொல்பேச்சு கேட்கும் குணத்தை வைத்துத்தான் கணினி முதல் கார் சாவி வரை எல்லாம் ஓடுகிறது.

அந்த வருடம் தவித்தது தங்கை வீடு மட்டுமில்லை. மாருதி சுசூகி 2021 செப்டம்பரில் ஹரியானா, குஜராத் ஆலைகளில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் நடக்கும் என்று அறிவித்தது. பிரான்சின் பியூஜோ தன் 308 காரிலிருந்து டிஜிட்டல் வேகமானியை எடுத்துவிட்டுப் பழைய முள் வேகமானியை மாட்டியது. அமெரிக்காவில் ஃபோர்டு, சில்லு வந்து சேராத வண்டிகளைக் கென்டக்கி மாநிலத்துப் பந்தயத் திடலில் ஆயிரக்கணக்கில் நிறுத்தி வைத்தது. செயற்கைக்கோள் படத்திலேயே அந்த வரிசைகள் தெரிந்தன. சாவி விஷயம்கூட எங்கள் ஊர்க் கதை இல்லை. டொயோட்டாவே 2022 அக்டோபரில், ஜப்பானில் கார் வாங்குபவர்களுக்கு இரண்டு மின்னணுச் சாவிகளில் ஒன்றுக்குப் பதிலாகச் சாதாரண இரும்புச் சாவி தரப்போவதாக அறிவித்தது.

கைக்கடக்கமான ஒரு சில்லை ஏன் கூடுதலாகச் செய்துவிட முடியவில்லை?

மூலப்பொருள் தீர்ந்துவிட்டதோ என்றால், இல்லை. சிலிக்கான் பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் இருக்கும் தனிமம். சிக்கல் செய்முறையில் இருக்கிறது. சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதைப் புரியவைப்பது சுலபம். காலண்டர் முருகன் ஒரே அடியில் தாளில் இறங்குவதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட். ஒவ்வொரு வண்ணமும் முந்தைய வண்ணத்தின் மேல் மிகச்சரியாக உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் முருகனுக்கு இரண்டு உதடு விழும், தாள் கழிவுக்குப் போகும்.

சில்லும் அச்சுத்தான். தாளுக்குப் பதில், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் கண்ணாடிபோல் மெருகேற்றிய சிலிக்கான் வட்டு. மைக்குப் பதில் ஒளி. வட்டின் மேல் ஒளி பட்டால் குணம் மாறும் பூச்சைத் தடவுகிறார்கள். வரைபடம் பொறித்த தகடு வழியாக அதன் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடத்தைக் கரைத்து, பள்ளம் அரித்து, அதில் வேறு பொருளை நிரப்பி, மறுபடியும் மெருகேற்றுகிறார்கள். இதை ஒளிப்பொறிப்பு என்று சொல்லலாம். சிவகாசிக்கு நான்கு வண்ணம் போதும். கார் சாவிச் சில்லு போன்ற எளிய ஒன்றுக்கே இந்தச் சுற்று இருபது, முப்பது தடவை நடக்கும். நடுவில் கழுவுவது, சுடுவது, அளப்பது எல்லாம் சேர்த்தால் பல நூறு படிகள். மிக நவீனமான சில்லுகளில் படிகள் ஆயிரத்தைத் தாண்டும்.

கோட்டின் அகலத்தையும் யோசித்துப் பாருங்கள். கார்களில் பரவலாக உள்ள ஒரு வகைச் சில்லை 40 நானோமீட்டர் தலைமுறை என்பார்கள். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். அதை இரண்டாயிரமாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு இழை அது. இந்த அச்சுக்கூடத்தில் ஒரு தூசி விழுந்தால் சிவகாசி பிளேட்டின் மேல் பாறை உருண்டு விழுந்த மாதிரி. ஒரு வட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகளை ஒன்றாக அச்சிட்டு, கடைசியில் சோதித்து, தேறியவற்றை மட்டும் அறுத்தெடுக்கிறார்கள். தேறும் பங்குக்கு அந்தத் தொழிலில் உள்ள பெயர் நம் வயல்காட்டுச் சொல்லேதான்: விளைச்சல்.

இத்தனையும் முடிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பிறகு உறைபோட, சோதிக்க இன்னும் சில வாரங்கள். இந்தக் கால அளவைப் பணத்தால் சுருக்க முடியாது. இட்லிக் கடையில் காலை ஏழு மணிக்கு நூறு பேர் திடீரென்று வந்து நின்றால் இன்னொரு அடுப்பைப் பற்றவைக்கலாம், ஆள் கூட்டலாம். ஆனால் மாவு நேற்றே அரைத்துப் புளித்திருக்க வேண்டும். புதிய ஆலையே கட்டிவிடலாம் என்றால் அதற்கு இரண்டு மூன்று வருடமும், பல நூறு கோடி டாலரும் வேண்டும்.

இனி 2020-க்குப் போவோம். கோயம்புத்தூர்ப் பக்கம் பவுண்டரி என்றால் எல்லாருக்கும் தெரியும். பம்ப் கம்பெனி தன் அச்சைக் கொண்டுவந்து கொடுக்கும், பவுண்டரி உருக்கி வார்த்துக் கொடுக்கும். பவுண்டரிக்காரர் சொந்தப் பெயரில் பம்ப் விற்பதில்லை. சில்லுத் தொழிலிலும் இதே பெயரில் இதே வேலை உண்டு. 1987-ல் மோரிஸ் சாங் தைவானில் தொடங்கிய டிஎஸ்எம்சி, சொந்தச் சில்லு எதையும் விற்காமல் மற்றவர்கள் வரைந்து தருவதைச் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டது. ஆப்பிளின் செல்போன் மூளையும் அங்கேதான் பிறக்கிறது, ஏதோ ஒரு காரின் பிரேக்கைக் கவனிக்கும் சில்லும் அங்கேதான் பிறக்கிறது.

கொரோனா ஊரடங்கில் கார் விற்பனை படுத்துவிட்டது. 2020 ஏப்ரலில் மாருதி சுசூகி உள்நாட்டில் விற்ற கார்களின் எண்ணிக்கை பூஜ்யம். உலகெங்கும் கார் கம்பெனிகள் சில்லு ஆர்டர்களை ரத்துசெய்தன. அதே நேரத்தில் வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் என்று மடிக்கணினிக்கும் டேப்லெட்டுக்கும் அடிதடி. வைகாசி முகூர்த்தத்துக்குப் பிடித்த மண்டபத்தை ஒருவர் வேண்டாம் என்று விட்டால் மண்டபம் காலியாகவா கிடக்கும்? அடுத்த ஆள் அன்றைக்கே முன்பணத்தோடு நிற்பார். அந்த வருடக் கடைசிக்குள் கார் விற்பனை எதிர்பாராத வேகத்தில் எழுந்தபோது, கார் கம்பெனிகள் மண்டபத்தைக் கேட்டுத் திரும்பி வந்தன. தேதி இல்லை. 2020-ல் டிஎஸ்எம்சியின் வருமானத்தில் கார்த் துறையின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். ரோட்டில் ராஜாவாகப் போகிறவர் இந்த வரிசையில் சின்ன வாடிக்கையாளர்.

வேறு சில்லை வாங்கி மாட்டிக்கொள்ள முடியாதா என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சில்லு என்பது அரிசியைப்போல இந்தக் கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடை என்கிற சரக்கு இல்லை, அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம், அதற்கென்றே எழுதிய மென்பொருள். காரில் போவதென்றால் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலிருந்து 125 டிகிரி வெப்பம் வரை தாங்க வேண்டும், அந்தச் சோதனைக்கே மாதக்கணக்கில் ஆகும். இன்றைய காரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டி ஆலையைவிட்டு நகராது. 2022-ல் டச்சு நிறுவனமான ஏஎஸ்எம்எல்-இன் அப்போதைய தலைவர் பீட்டர் வென்னிங்க் ஒரு செய்தி சொன்னார்: பெரிய தொழில் நிறுவனம் ஒன்று, தனக்கு வேண்டிய சில்லுக்காகத் துணி துவைக்கும் இயந்திரங்களை வாங்கிப் பிரித்துக்கொண்டிருக்கிறது என்று. அவர் யாரோ இல்லை, உலகத்தில் அதிநுட்பமான ஒளிப்பொறிப்பு இயந்திரத்தைச் செய்யும் ஒரே கம்பெனியின் தலைவர்.

இப்படி ஏற்கெனவே இறுகியிருந்த கயிற்றில் 2021-ன் தொடக்கத்தில் மூன்று அடி விழுந்தது. பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் பனி. மின்சாரம் போய் ஆஸ்டின் நகரத்தில் சாம்சங், என்எக்ஸ்பி, இன்ஃபினியான் ஆலைகள் நின்றன. தைவானிலோ, 2020-ல் ஒரு புயல்கூடக் கரையேறவில்லை, 56 ஆண்டுகளில் அப்படி நடந்ததில்லை. அணைகள் வறண்டன. வட்டுகளைக் கழுவ ஆலைகளுக்குத் தண்ணீர் லாரி போனது. நெல் வயல்களுக்குப் பாசனம் நிறுத்தப்பட்டது. 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை. எந்த வயலுக்குத் தண்ணீர் விடுவது, எந்த ஆலைக்கு விடுவது என்று ஒரு அரசு தீர்மானிக்க வேண்டிவந்ததை என்னால் சாதாரணச் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

மூன்றாவது அடிதான் எனக்கு அதிகம் சொல்லித் தந்தது. மார்ச் 19 விடியற்காலையில், ஜப்பானின் இபராகி மாகாணத்தில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில், உலோகப் பூச்சு பூசும் இயந்திரம் ஒன்றில் மின்னோட்டம் அதிகரித்துத் தீப்பிடித்தது. எரிந்த பகுதி சிறியதுதான். ஆனால் தூசியே ஆகாத அறையில் புகையும் கரியும் படிந்துவிட்டன. அந்தக் கட்டடத்தில் செய்யப்பட்டவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கார்ச் சில்லுகள். கார்க் கம்பெனிகள் உட்படப் பலரும் ஆள் அனுப்பினார்கள். இரவும் பகலும் துடைத்துக் கழுவி, ஒரு மாதத்துக்குள் ஏப்ரல் 17-ல் இயந்திரங்களை ஓட்டிவிட்டார்கள். உற்பத்தி பழைய அளவுக்கு வர ஜூன் கடைசி ஆனது. சரக்கு பழைய அளவில் வெளியே போக ஜூலை ஆனது. மாவு புளிக்க வேண்டுமே.

இதே நாகா ஆலை 2011 மார்ச் நிலநடுக்கத்திலும் சிதைந்தது. அப்போது பாடம் படித்தது டொயோட்டா. வேண்டிய பாகம் வேண்டிய நேரத்தில் வந்தால் போதும், கிடங்கில் குவிக்கக் கூடாது என்கிற உற்பத்தி முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த கம்பெனி அது. அதுவே சில்லுகளுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்து, பல மாதச் சரக்கைக் கையிருப்பில் வைத்திருக்கும்படி தனக்குப் பாகம் தருகிறவர்களைக் கேட்டுக்கொண்டது. 2021-ன் முதல் பாதியில் மற்றவர்கள் ஆலையை மூடியபோது டொயோட்டா ஓடியதற்கு அதுவே காரணம். மலேசியாவில் கொரோனா பரவி, சில்லுகளுக்கு உறைபோடும் ஆலைகள் தடுமாறியபோது, ஆகஸ்டுக்குப் பிறகு அந்தக் கையிருப்பும் போதவில்லை.

பற்றாக்குறையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பயம்? சென்னைத் தண்ணீர் லாரிக்கே திரும்பிவருகிறேன். ஒரு லாரி வர இருபது நாள் ஆகும் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? இரண்டு இடத்தில் பதிவுசெய்வார். தெருவே அப்படிச் செய்தால், லாரிக்காரரின் நோட்டில் தெருவின் தாகம் இரண்டு மடங்காகத் தெரியும். அவர் தனக்குத் தண்ணீர் தருபவரிடம் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்பார். கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. சாட்டை விளைவு என்று இதற்குப் பெயர். எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஜே ஃபாரஸ்டர் 1960-களிலேயே இந்த அலைச்சலை ஆராய்ந்திருந்தார். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தினர் குழந்தை அணையாடை விற்பனையில் இதைக் கவனித்துச் சாட்டையின் பெயரை வைத்தார்கள். குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள், ஆலைக்கு வரும் ஆர்டரோ ஏறி இறங்கித் தாண்டவமாடுகிறது.

நோட்டில் இருக்கும் ஆர்டரை நம்ப முடியாது என்றால் வேறு எதை அளப்பது? அமெரிக்க வணிகத் துறை கையிருப்பை அளந்தது. சில்லு செய்கிறவர்கள், வாங்குகிறவர்கள் என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரிடம் கேட்டுத் தொகுத்து 2022 ஜனவரியில் வெளியிட்டது. வாங்குகிறவர்களின் கிடங்கில் 2019-ல் 40 நாளுக்கான சரக்கு இருந்தது. 2021-ல் அது 5 நாளுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆர்டரைப் பெருக்கி எழுதலாம், காலியான அலமாரியைப் பெருக்க முடியாது. பற்றாக்குறை நிஜம்தான் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். எங்கோ ஒரு ஆலையில் கொரோனா வந்து மூன்று வாரம் மூடினால், 5 நாள் சரக்கு வைத்திருக்கும் கார் ஆலை அத்தோடு நிற்கும்.

அந்த ஆய்வு சொன்ன இன்னொன்றுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம். கழுத்து இறுகியிருந்த இடங்களில் முக்கியமானவை 40, 90, 150, 180, 250 நானோமீட்டர் என்கிற பழைய தலைமுறைகள். செய்தித்தாள்கள் 5 நானோமீட்டர், 3 நானோமீட்டர் என்று பந்தயம் பேசிக்கொண்டிருந்தபோது, உலகத்தை நிறுத்தியது சில ரூபாய்க்குக் கிடைக்கும் பத்து இருபது வருடத்துத் தொழில்நுட்பம். இயல்புதான். புது ஆலை கட்டுகிறவர் அதிக விலைக்குப் போகும் புதுச் சில்லுக்கே கட்டுவார். பழைய சில்லு, கடன் அடைந்துபோன பழைய ஆலையில் லாபம் தரும், புதிதாகக் கட்டினால் போட்ட பணம் திரும்பாது. தேவை கூடிக்கொண்டே போக, ஆலைகள் கூடவில்லை.

சங்கிலியை இன்னும் பின்னால் பிடித்துப் போனால் எதிர்பாராத முகங்கள் தென்படும். கணினியின் பெரிய சில்லுகளை உறைபோடும் பலகைக்கு நுண்ணிய மின்காப்புப் படலம் ஒன்று வேண்டும். அதை ஏறக்குறைய தனியாளாக உலகத்துக்குத் தருவது அஜினோமோட்டோ. ஆம், ஃபிரைடு ரைஸில் தூவும் சுவையுப்பைச் செய்யும் அதே கம்பெனிதான். சுவையுப்பு வேதியியலில் கைதேர்ந்த அந்தக் கம்பெனி 1990-களின் கடைசியில் இதைச் செய்தது. 2021-ல் அந்தப் படலம் சேர்த்த பலகைகளுக்கும் தட்டுப்பாடு. ஒளிப்பொறிப்பு லேசர்களில் நிரம்பியிருக்கும் வாயுவில் பெரும்பங்கு நியான். அது காற்றில் சொற்பம். பெரிய உருக்காலைகள் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும்போது உபரியாகக் கிடைக்கும். சில்லுக்கு ஏற்ற அளவு தூய்மையாக்கிய நியானில் ஏறக்குறைய பாதி, மரியுபோல், ஒடெசா என்ற இரண்டு உக்ரைன் நகரங்களில் இருந்த இரண்டு கம்பெனிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பட்ட அனுபவத்தில் நாடுகள் பணத்தை அவிழ்த்தன. அமெரிக்கா 2022 ஆகஸ்டில் 5,270 கோடி டாலருக்குச் சட்டம் போட்டது. டிஎஸ்எம்சி அரிசோனாவில் ஆலை கட்டி நவீனச் சில்லுகளைச் செய்கிறது. ஆனால் தொடக்கத்தில் அங்கே அச்சான வட்டுகள் உறைபோடுவதற்குத் தைவானுக்கே விமானம் ஏறின. ஜப்பானின் குமாமோட்டோவில் 2024 பிப்ரவரியில் திறந்த ஆலையும், ஜெர்மனியின் டிரெஸ்டனில் கட்டப்படுவதும் என்னை அதிகம் ஈர்க்கின்றன. இரண்டும் 28 நானோமீட்டரை ஒட்டிய, காருக்கு வேண்டிய நடுத்தரச் சில்லுகளுக்கானவை. குஜராத்தின் தோலேராவில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், தைவானின் பிஎஸ்எம்சியோடு கட்டும் ஆலையும் 28 முதல் 110 நானோமீட்டர் வரைக்குமானது. பழைய தொழில்நுட்பத்துக்கா 91,000 கோடி ரூபாய் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆமாம், பழையதுதான். 2021-ல் கிடைக்காமல் போனது எது என்று பார்த்துவிட்டு முகம் சுளிக்கட்டும்.

ஆலையை இடம் மாற்றுகிறவர்கள், உறைபோட்டுச் சோதிக்கும் கடைசிப் படிகளை இடம் மாற்ற மறந்துபோகிறார்கள். 2025 அக்டோபரில் அது மறுபடி தெரிந்தது. சில்லு செய்யும் நெக்ஸ்பீரியா நெதர்லாந்துக் கம்பெனி, உரிமையாளரோ ஒரு சீன நிறுவனம். டச்சு அரசு அதன் நிர்வாகத்தில் தலையிட, சீனா ஏற்றுமதியைத் தடுத்தது. வட்டுகள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் அச்சாகின்றன, உறையோ பெரும்பாலும் சீனாவின் டோங்குவானில் போடப்படுகிறது. சில ரூபாய் விலையுள்ள சின்னச் சின்ன பாகங்கள் வராமல் மெக்சிகோவில் ஹோண்டா ஆலை நின்றது. உறைபோட்டுச் சோதிக்கும் தொழில் நமக்கு அந்நியமும் இல்லை. செங்கல்பட்டு அருகே மறைமலைநகரில் ஸ்பெல் செமிகண்டக்டர் பல பத்தாண்டுகளாக அதைச் செய்துவந்திருக்கிறது. ஊர்க்காரர்களில் பலருக்கே அது தெரியாது.

சாட்டை திரும்பியும் அடித்தது. பயத்தில் குவித்த சரக்கு தேங்கி, 2023-ல் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்து, சாம்சங்கின் சில்லுப் பிரிவே நஷ்டக் கணக்கு காட்டியது.

தங்கை வீட்டுக்கு இரண்டாவது சாவி 2022 ஆகஸ்டில் வந்தது. மாப்பிள்ளை போன் பண்ணி, "மச்சான், வாங்க, நீங்க வந்துதான் பிரிக்கணும்" என்றார். அதே நாணயம், அதே பூதக்கண்ணாடி. இந்த முறை கடைசி நான்கு எண் 2209. 2022-ன் ஒன்பதாவது வாரம், பிப்ரவரி 28-ல் தொடங்கும் வாரம். உக்ரைனில் போர் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. மரியுபோல் முற்றுகையில் இருந்தது. அந்த வாரம் இந்தச் சில்லு ஏதோ ஒரு நாட்டில் உறைக்குள் போயிருக்கிறது. அதற்கு மூன்று நான்கு மாதம் முன்னால், எங்களுக்கு முதல் சாவி கிடைத்த நாட்களை ஒட்டி, அதன் வட்டின் மேல் லேசர் விழுந்திருக்க வேண்டும். தங்கை மகள் பூதக்கண்ணாடியை வாங்கி இரண்டு சில்லையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டாள்.